தடுமாறாத எண்கள்

2023-ஆம் ஆண்டு பியூ ஆய்வு மையம் வெளியிட்ட ஒரு கருத்துக்கணிப்பின்படி, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்போர் இந்தியாவில் 53 விழுக்காடு, இலங்கையில் 23 விழுக்காடு. இந்த எண்களைப் படித்த வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருந்தார். சில ஆயிரம் பேரை மட்டும் கேட்டுவிட்டு ஒரு நாட்டின் மனத்தை எப்படிச் சொல்ல முடியும் என்பது முதல் கேள்வி. இரண்டாவது இன்னும் கூர்மையானது. யாரையுமே கேட்காமல், கேட்டதாகச் சொல்லி, மேசைமுன் அமர்ந்தபடியே ஒருவர் விடைகளை நிரப்பிவிட்டால் அது பொய்யென்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

முதல் கேள்விக்குப் பள்ளியில் படித்த புள்ளியியலே போதும். நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி குலுக்கல் முறையில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்தால், கிடைக்கும் விழுக்காடு உண்மையான விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 3 புள்ளிகளுக்குமேல் விலகுவது அரிது. நாட்டின் மக்கள்தொகை ஐம்பது லட்சமா நூற்றிருபது கோடியா என்பது இந்தக் கணக்கை அநேகமாகப் பாதிப்பதே இல்லை. எத்தனை பேரைக் கேட்டோம், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பவையே பிழையின் அளவைத் தீர்மானிக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு இப்படி ஒரு சூத்திரத்தில் விடை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு விடை உண்டு. 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவில், இதே தன்பாலினத் திருமணம் குறித்த ஓர் ஆய்வைச் சுற்றி நடந்த நிகழ்வுகளில் அந்த விடை முழுமையாக வெளிப்பட்டது. புள்ளியியலில் என்னை மிகவும் கவர்ந்த கண்டறிதல்களுள் ஒன்று அது.

அமெரிக்கர்களின் மனமாற்றம் எவ்வளவு விரைவாக நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேலப் நிறுவனம் 1996-இல் இந்தக் கேள்வியைக் கேட்டபோது தன்பாலினத் திருமணத்தை ஆதரித்தவர்கள் 27 விழுக்காட்டினர். 2011-இல் முதன்முறையாக அது பாதியைக் கடந்தது. 2015-இல் 60, 2023-இல் 71 என உயர்ந்து, 2025-இல் 68 ஆகச் சற்றே இறங்கியிருக்கிறது. கருக்கலைப்பு போன்ற கேள்விகளில் அமெரிக்கர்களின் கருத்து பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கையில், இந்த ஒன்றில் மட்டும் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் எப்படி நேர்ந்தது என்பது அரசியல் அறிவியலாளர்களை நெடுங்காலமாக ஈர்த்துவரும் புதிர்.

அந்தப் புதிருக்கு விடை தேடியவர்களுள், தன்பாலின ஈர்ப்புள்ளோருக்கும் திருநருக்குமான அமைப்பாகிய லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் எல்ஜிபிடி மையத்தினரும் இருந்தார்கள். 2008 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் '8-ஆவது முன்மொழிவு' என்னும் வாக்கெடுப்பின் மூலம் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை விதித்தார்கள். தடையை ஆதரித்தவர்கள் 52 விழுக்காட்டினர். தோல்விக்குப் பிறகு அந்த மையம், டேவ் ஃபிளைஷர் என்பவரின் தலைமையில், தமக்கு எதிராக வாக்களித்த பகுதிகளுக்கே தன்னார்வலர்களை அனுப்பியது. அவர்கள் வீடு வீடாகச் சென்று, ஏன் எதிராக வாக்களித்தீர்கள் என்று கேட்டு, சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார்கள். வாதம் செய்வதையும் புள்ளிவிவரங்களை அடுக்குவதையும் தவிர்த்து, வீட்டிலிருப்பவரைத் தம் திருமணத்தைப் பற்றியும், தாம் ஒதுக்கப்பட்ட தருணங்களைப் பற்றியும் பேசச் செய்து, பிறகு தம்முடைய கதையையும் சொன்னார்கள். இது பலன் தருகிறது என்று அவர்கள் உணர்ந்தார்கள். ஆனால் உணர்வது வேறு, அளப்பது வேறு என்பதை அவர்களே அறிந்திருந்ததால்தான் ஆய்வாளர் ஒருவரின் துணையை நாடினார்கள்.

அப்படி வந்தவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த மைக்கேல் லக்கூர். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கிரீனுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 2014 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. தன்பாலின ஈர்ப்புள்ள தன்னார்வலர் ஒருவர் வாசலில் நின்று ஏறத்தாழ 20 நிமிடங்கள் பேசினாலே, வாக்காளரின் மனம் மாறுவதோடு அந்த மாற்றம் ஒன்பது மாதங்கள் கழித்தும் நிலைக்கிறது என்றும், அதே வீட்டில் வாழும் மற்றவர்களிடமும் அது பரவுகிறது என்றும் கட்டுரை கூறியது. தேர்தல் பரப்புரைகள் தரும் தாக்கம் சில நாட்களிலேயே கரைந்துவிடும் என்பது அதுவரையிலான ஆய்வுகளின் பொதுவான முடிவு. ஆகவே இது பெருஞ்செய்தியாயிற்று. 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. வானொலி நிகழ்ச்சிகள் பேசின. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் லக்கூருக்கு ஆசிரியப் பணி தர முன்வந்தது.

டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வு மாணவர்கள் இருவருக்கு இந்த ஆய்வின்மீது மதிப்பு மிகுந்திருந்தது. அதை இன்னும் விரிவாக்கிச் செய்ய வேண்டும் என்று விரும்பி முன்னோட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். லக்கூருக்குப் பதில் தந்ததாகச் சொல்லப்பட்டவர்களின் விகிதத்தைவிட மிகக் குறைவானவர்களே தங்கள் அழைப்புக்குப் பதில் தந்தார்கள் என்று கண்டு, தங்கள் செய்முறையில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று கருதினார்கள். அந்தக் குறையைத் தெரிந்துகொள்வதற்காக, லக்கூருக்குக் கணிப்பு நடத்தித் தந்ததாகக் கூறப்பட்ட நிறுவனத்தைத் தொடர்புகொண்டார்கள். அப்படியொரு பணி தங்களிடம் நடந்ததாகவே தெரியாது என்ற பதில் வந்தது. இதன் பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் அரோனோவுடன் சேர்ந்து, வெளியிடப்பட்டிருந்த தரவுக் கோப்பை அவர்கள் எண் எண்ணாக ஆராய்ந்தார்கள்.

அந்தக் கோப்பில் முதன்மையானது 'உணர்வு வெப்பமானி' என்னும் அளவுகோல். தன்பாலின ஈர்ப்புள்ளோர் மீது உங்களுக்கு எவ்வளவு பரிவு என்பதை 0 முதல் 100 வரையுள்ள ஓர் எண்ணாகச் சொல்லும்படி கேட்பார்கள். 0 என்றால் கடும் வெறுப்பு, 100 என்றால் மிகுந்த அன்பு, 50 என்றால் இரண்டுமில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கத் தேர்தல் ஆய்வுகளில் பயன்படும் அளவுகோல் இது. இதற்கு மக்கள் எப்படி விடையளிக்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு ஓர் அழகான உண்மை தெரியும்: மக்கள் எண்களை ஒழுங்காகப் பரப்பித் தருவதில்லை. பெருங்கூட்டம் 50-இல் குவியும். இன்னொரு கூட்டம் 100-இல் நிற்கும். 60, 70, 85 போன்ற எண்களில் சிறு சிறு குவியல்கள் தோன்றும். 63, 78 என்று சொல்பவர் மிகச் சிலரே. இந்த மேடு பள்ளங்களை ஒரு வரைபடமாக வரைந்தால், அது அந்த மக்கள் கூட்டத்துக்கே உரிய ஒரு முகம் போல் இருக்கும். லக்கூரின் முதற்கட்டத் தரவில் இந்த மேடு பள்ளங்கள் யாவும் இருந்தன. ஆனால் அவை 2012-இல் நாடு முழுவதும் நடந்த வேறொரு கணிப்பின் வரைபடத்தோடு பிரித்தறிய முடியாதபடி ஒத்திருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில், 8-ஆவது முன்மொழிவை ஆதரித்த சில பகுதிகளில் மட்டும் திரட்டிய விடைகள், ஒட்டுமொத்த அமெரிக்காவின் விடைகளோடு குவியலுக்குக் குவியல் பொருந்துவது இயல்பானதன்று. இரண்டு தொகுப்புகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று சோதிக்கப் புள்ளியியலில் உள்ள தேர்வுகளும், இவை வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவை என்று சொல்லச் சான்றே இல்லை என்றுதான் காட்டின.

இதைவிட ஆழமானது இரண்டாவது தடயம். லக்கூரின் ஆய்வில் ஒரே ஆட்கள் பலமுறை கேட்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினரிடம் தன்பாலினத் திருமணம் பற்றிப் பேசாமல், குப்பையை மறுசுழற்சி செய்வது பற்றி மட்டும் பேசியிருந்தார்கள். இவர்கள் ஒப்பீட்டுக் குழுவினர். இவர்களின் மனத்தை மாற்ற யாரும் முயலவில்லை. ஆகவே முதல் முறை 70 என்று சொன்னவர் அடுத்த முறையும் 70 என்றே சொல்வார் என்று நமக்குத் தோன்றும். உண்மையான மனிதர்கள் அப்படிச் சொல்வதில்லை. 1950-களின் பிற்பகுதியில் ஒரே வாக்காளர்களை இரண்டாண்டு இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் கேட்டுப் பார்த்த தரவை ஆராய்ந்த அரசியல் அறிவியலாளர் ஃபிலிப் கான்வர்ஸ், பல கேள்விகளில் அவர்களின் விடைகள் காசு சுண்டிப் பார்த்தவர்கள் சொல்வதுபோல் மாறி மாறி வருவதைக் கண்டார். ஜான் ஜாலரும் ஸ்டான்லி ஃபெல்ட்மனும் 1992-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நம் தலைக்குள் 'பரிவு: 70' என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை, ஒரு பொருளைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான பல எண்ணங்கள் நம்மிடம் இருக்கின்றன, கேள்வி வரும் கணத்தில் அவற்றுள் எவை மேலெழுந்து நிற்கின்றனவோ அவற்றைக் கொண்டு அங்கேயே ஒரு விடையை உண்டாக்கிச் சொல்கிறோம். காலையில் பார்த்த செய்தி, அருகிலிருக்கும் உறவினர், முந்தைய கேள்வி, அன்றைய சோர்வு ஆகிய யாவும் அந்த விடையில் கலந்துவிடுகின்றன. ஒரே ஆள், ஒரே கேள்வி, மனமாற்றம் ஏதுமில்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் 70, அடுத்த மாதத்தில் 50, அதற்கடுத்து 85.

மனிதத் தரவுக்குரிய இந்தத் தடுமாற்றத்தை ஆய்வாளர்கள் பொதுவாக ஒரு தொல்லையாகவே பார்ப்பார்கள். அதைக் கழித்துவிட்டு உள்ளிருக்கும் உண்மையை எடுப்பதற்குத்தான் பாடுபடுவார்கள். புரூக்மன் குழுவினர் தேடியது கழிக்கப்படும் அந்தத் தடுமாற்றத்தையே. லக்கூரின் கோப்பில் அது காணப்படவில்லை. முதல் முறை சொன்ன எண்ணுக்கும் அடுத்த முறை சொன்ன எண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு (முற்றிலும் ஒன்றையொன்று தொடர்ந்தால் அது 1), எந்த உண்மையான கணிப்பிலும் காணாத அளவுக்கு 1-ஐ நெருங்கியிருந்தது. அதாவது எல்லோரும் தாம் முன்பு சொன்னதைத் துல்லியமாக நினைவில் வைத்திருந்து, மிகச் சிறிய மாற்றத்தோடு திரும்பச் சொன்னதுபோல் இருந்தது. அந்தச் சிறிய மாற்றங்களும் சீரான மணிவடிவ வளைகோட்டில் அமைந்திருந்தன. உண்மையான மனிதர்களின் மாற்றங்கள் அப்படி அமையா. 50 என்றவர்களில் பலர் மறுபடியும் 50 என்பார்கள். மாற்றிச் சொல்பவர்கள் பத்து பத்தாகவோ ஐந்து ஐந்தாகவோ தாவுவார்கள். சிலர் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் 90-இலிருந்து 10-க்கு விழுவார்கள். எனவே மாற்றங்களின் வரைபடத்திலும் முட்களும் நெடிய வால்களும் இருக்க வேண்டும். லக்கூரின் கோப்பிலோ, ஆயிரக்கணக்கான விடைகளுள் ஒன்றுகூட அந்த மணிவடிவத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் விலகவில்லை. பழைய தரவொன்றை எடுத்து, கணினி தரும் சீரான சமவாய்ப்பு எண்களை அதன்மீது தூவினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

கையெழுத்து ஆய்வாளர்களிடம் இதற்கு இணையான ஒரு விதி உண்டு. ஒரே மனிதர் இட்ட இரண்டு கையொப்பங்கள் ஒன்றன்மீது ஒன்று வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்துமானால், அவற்றுள் ஒன்றேனும் பார்த்து வரையப்பட்டது என்றே அவர்கள் முடிவுசெய்வார்கள். உயிருள்ள கை ஒரே கோட்டை இருமுறை இடாது. கல்லாவும் புரூக்மனும் செய்ததும் அதுவே. ஒரு தரவை நம்ப வேண்டுமானால் அது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். அந்த எண்ணத்தை இந்த ஒரு கண்டறிதல் தலைகீழாக்கிவிட்டது. பொய்யை எழுதுபவர் சராசரியைச் சரியாக எழுதிவிடலாம், வேண்டிய விளைவையும் நுழைத்துவிடலாம். ஆயிரம் மனிதர்களின் மறதியையும் அலட்சியத்தையும் மனச்சஞ்சலத்தையும் எழுதிக்காட்டுவது அவருக்கு மிகமிகக் கடினம். வாசகரின் இரண்டாவது கேள்விக்கு விடை இதுதான்: மூலத் தரவு வெளிப்படையாகக் கிடைக்குமானால், பொய்யைக் கண்டுபிடிக்க முடியும்.

2015 மே 19 அன்று புரூக்மன், கல்லா, அரோனோ மூவரும் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே அதைப் படித்திருந்த கிரீன், கட்டுரையைத் திரும்பப் பெறும்படி தாமே 'சயின்ஸ்' இதழைக் கேட்டுக்கொண்டார். மே 28-இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. தரவைப் புனையவில்லை என்று லக்கூர் ஒரு நீண்ட பதிலறிக்கையில் வாதிட்டார்; ஆனால் மூலத் தரவை அழித்துவிட்டதாகச் சொன்னார்; பங்கேற்றவர்களுக்குத் தந்த ஊக்கத்தொகை குறித்தும், ஆய்வுக்கு நிதியளித்தவர்கள் குறித்தும் தாம் கூறியவை உண்மையல்ல என்பதை ஒப்புக்கொண்டார். பிரின்ஸ்டன் தன் பணி வாய்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது ஒன்றுண்டு. தன்னார்வலர்கள் உண்மையிலேயே வீடு வீடாகச் சென்றிருந்தார்கள். முன்பின் அறியாதவர்களின் வாசலில் நின்று தங்கள் வாழ்க்கையின் மிக அந்தரங்கமான பகுதிகளைச் சொல்லியிருந்தார்கள். அந்த உழைப்பின் பலனை அளந்ததாகச் சொன்ன எண்களுக்குத்தான் ஆதாரமில்லாமல் போயிற்று.

இந்தச் சரிபார்ப்பு வேலைக்கு யாரும் நிதி தரவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புரூக்மனுக்கு ஐயம் எழுந்த தொடக்கக் காலத்தில், பெரியவர்களின் ஆய்வில் குற்றம் காணும் இளைஞன் என்ற பெயர் வேண்டாம், பேசாமல் விட்டுவிடு என்றே பலரும் அறிவுரை கூறினார்கள். அந்த அறிவுரையில் தீய நோக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆய்வுலகின் பரிசுகள் எங்கே இருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் சொன்ன அறிவுரை அது. புதிய முடிவுக்குப் பணம், பதவி, தலைப்புச் செய்தி எல்லாம் கிடைக்கின்றன. பழைய முடிவைத் திரும்பச் செய்து பார்ப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆய்வுக்கு நிதி வழங்கும் ஒவ்வோர் அமைப்பும் தன் நிதியில் ஒரு பங்கைச் சரிபார்ப்புக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் நாட்டில் தேர்தல்தோறும் வெளிவரும் கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை மூலத் தரவை வெளியிடுவதே இல்லை. எத்தனை பேரை அணுகி எத்தனை பேர் விடை தந்தார்கள் என்பதைக்கூடச் சொல்வதில்லை. அவற்றில் தடுமாற்றம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவும் வழியில்லை. அத்தகைய எண்களை ஊடகங்கள் வெளியிடாமலிருப்பதே நேர்மை.

புரூக்மனும் கல்லாவும் பொய்யைக் காட்டியதோடு நிற்கவில்லை; தாங்கள் தொடங்கிய ஆய்வை நடத்தி முடித்தார்கள். இடம் ஃபுளோரிடாவின் மயாமி. திருநர் மீதான பாகுபாட்டைத் தடுக்கும் விதி அங்கே 2014 இறுதியில் நிறைவேறியிருந்தது. அதற்கு எதிர்ப்பு எழக்கூடும் என்று அஞ்சிய உள்ளூர் அமைப்பொன்றும் லாஸ் ஏஞ்சலிஸ் மையமும் சேர்ந்து தன்னார்வலர்களை அனுப்பின. 68,378 வாக்காளர்களுக்கு அஞ்சலில் அழைப்பு போயிற்று. இணையத்தில் வந்து முதல் கணிப்பை நிரப்பியவர்கள் 1,825 பேர். அவர்களுள் கதவைத் திறந்து பேசியவர்கள் 501 பேர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினரிடம் திருநர் பற்றியும், மற்றவர்களிடம் மறுசுழற்சி பற்றியும் 56 தன்னார்வலர்கள் பேசினார்கள். ஏறத்தாழ 10 நிமிட உரையாடல் திருநர் மீதான பரிவை வெப்பமானியில் கிட்டத்தட்ட 10 புள்ளிகள் உயர்த்தியது. குறைந்தது மூன்று மாதங்கள் அது நிலைத்தது. 1998-க்கும் 2012-க்கும் இடையில் தன்பாலின ஈர்ப்புள்ளோர் மீது சராசரி அமெரிக்கரின் பரிவு உயர்ந்த அளவைவிட இது அதிகம். பேசியவர் திருநராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று தெரிந்தது. மற்றவர்கள் பேசியபோதும் பலன் இருந்தது. பேசுபவர் தாமே அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால்தான் மாற்றம் நிலைக்கும் என்று முந்தைய கட்டுரை அழுத்திச் சொன்ன செய்தி இங்கே பொய்த்தது. 2016 ஏப்ரலில் இதே 'சயின்ஸ்' இதழ் இதை வெளியிட்டது.

68,378-லிருந்து 1,825 என்னும் அந்தச் சரிவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நிறுவனங்கள் மீதும் ஊடகங்கள் மீதும் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை அளப்பதில் உள்ள பெருஞ்சிக்கல் அதில்தான் அடங்கியிருக்கிறது. பியூ மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்கு 1997-இல் 36 விழுக்காட்டினர் விடையளித்தார்கள். 2018-இல் 6 விழுக்காட்டினர். விடை தர மறுப்பவர்கள் இளைஞர்களாகவோ குறைவாகப் படித்தவர்களாகவோ இருந்தால் திருத்திக்கொள்ளலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்து, குறைவாக வந்த பிரிவினரின் விடைகளுக்குக் கூடுதல் எடை தருவார்கள். ஆனால் நம்பிக்கையின்மையை இப்படித் திருத்த முடியாது, ஏனென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்பிக்கைக்கென்று ஒரு பத்தி கிடையாது. கணிப்பு நிறுவனத்தையே நம்பாதவர் தொலைபேசியை வைத்துவிடுகிறார். அவரது அவநம்பிக்கை எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. ஊடகங்களை நம்புவதாகச் சொல்லும் அமெரிக்கர்கள் 1976-இல் 72 விழுக்காடு, 2025-இல் 28 விழுக்காடு என்கிறது கேலப். உண்மை நிலை இந்த 28-ஐவிடவும் தாழ்ந்திருக்கலாம் என்று கருதுவதற்கு இது ஒரு வலுவான காரணம். திருமணம் பற்றிய கேள்விக்கும் இதே எச்சரிக்கை ஓரளவு பொருந்தும், ஏனெனில் விடை தருபவர்கள் தன்னார்வப் பணிகளிலும் ஊர்ப் பொதுக்காரியங்களிலும் மற்றவர்களைவிட அதிகம் ஈடுபடுபவர்கள் என்பது பலமுறை காணப்பட்டிருக்கிறது.

மயாமி ஆய்வை இந்தச் சிக்கலிலிருந்து ஓரளவு காப்பாற்றுவது குலுக்கல். விடை தர முன்வந்தவர்களையே இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டதால், அவர்களுக்குள் உரையாடல் ஏற்படுத்திய வேறுபாடு உண்மையானது. அழைப்பைப் பிரிக்காமலே எறிந்த மற்ற அறுபத்தாறாயிரம் பேரிடமும் அது அப்படியே நிகழும் என்று மட்டும் அது சொல்லாது. இருவரும் தொடர்ந்து ஆராய்ந்து, 2020-இல் மூன்று களச் சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள்: ஏழு இடங்கள், 230 தன்னார்வலர்கள், 6,869 வாக்காளர்கள், பேசுபொருளாகக் குடியேறியவர்களும் திருநரும். ஒரு சோதனையில் வாக்காளர்களுள் ஒரு பகுதியினரிடம் வழக்கமான உரையாடலையும், மற்றொரு பகுதியினரிடம் கதைப் பரிமாற்றத்தை நீக்கி வாதங்களை மட்டும் கொண்ட உரையாடலையும் நடத்தினார்கள். வாதங்கள் மட்டும் கேட்டவர்களிடம் கண்டறியத்தக்க மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. தீர்ப்புச் சொல்லாமல் கதை கேட்டுக் கதை சொன்ன உரையாடல்களின் தாக்கம், குறைந்தது நான்கு மாதங்கள் கழித்தும் அளக்கக்கூடியதாக இருந்தது.